ஆணிக்குத் தோதான ஓட்டை

கைப்பேசியில் வந்த படத்தைச் சின்னவள் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். வெளிர்பச்சைச் சுவர். சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணி நுழைந்திருந்த ஓட்டை அவள் தன் கையாலேயே போட்ட ஓட்டை. அதில் தொங்கிக்கொண்டிருந்தது அவளுடைய பெயரை ஊர் உலகத்துக்குத் தெரியவைத்த புகைப்படம். மறுமூலை நழுவாமல் இருக்க, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'தினமும் இரண்டு வேளை பல் துலக்கவும்' என்று ஓர் அறிவிப்பு.

படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அவளுடைய படங்களை விற்றுக்கொடுக்கிற கேலரிக்காரம்மாவே கூப்பிட்டுவிட்டார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"மொத்தம் ஏழு பிரதிதான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. இது எத்தனாவது?"

"இது கணக்குலயே வராது மேடம். சரியா வரலைன்னு நான் கழிச்சுப்போட்டது."

"கழிச்சுப்போட்டது எதுக்குச் சுவத்துல இருக்கு?"

கேலரிக்காரம்மா மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். "மூணாம் நம்பர் வாங்கினவர் பல் வலின்னு போயிருக்கார். அங்க உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தா, தன் வீட்டு ஹால்ல கண்ணாடிக்குள்ள இருக்கிற படம் இங்க பிளாஸ்திரி போட்டுத் தொங்குது. பல் வலியே மறந்துபோச்சாம். மியூசியத்துல இந்த வாரம்தான் முடிவு பண்றாங்க. அவர் அந்தக் கமிட்டியில இருக்கார், தெரியும்ல?"

தெரியாமல் என்ன? பாஸ்போர்ட் படம் எடுக்கிற கடையில் 'முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க' என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவள் அவள். பள்ளிக்கூடக் குழுப் படத்துக்குப் பிள்ளைகளை உயரவாரியாக நிற்க வைத்தவள். அங்கிருந்து கிளம்பி, நாலு பேர் மதிக்கிற கலைஞர் என்று ஆவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. 'மடிப்பு' என்ற அந்த ஒரு படத்தின் ஏழு பிரதிகளில் ஆறு விற்றுப்போய், கடைசிப் பிரதியை அருங்காட்சியகம் கேட்டிருக்கிறது. அங்கே மாட்டிவிட்டால் அப்புறம் அவள் செத்தாலும் படம் சாகாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவேண்டிய நேரத்தில், பல் ஆஸ்பத்திரி வடிவில் வந்திருக்கிறது வினை.

"வெளியில எத்தனை கிடக்கோ அத்தனையையும் பிடிங்க. ஒவ்வொண்ணையும் வெட்டி, வெட்டினதைப் படம் எடுத்து அனுப்புங்க. ஒண்ணு முழுசா இருந்தாலும் என்னால எதுவும் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுக் கேலரிக்காரம்மா வைத்துவிட்டார்.

சின்னவள் பரணில் ஏறிப் பார்த்தாள். கழித்த பிரதிகளைப் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பழைய டேபிள் ஃபேனின் இறக்கை மட்டும் இருந்தது.

இதில் ஒரு தொழில் ஒழுங்கு உண்டு. ஏழு என்று சொன்னால் ஏழுதான். ஏழாவது பிரதியைப் போட்டு முடித்த அன்றைக்கே நெகட்டிவை ஊசியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டாள். இனி யார் நினைத்தாலும் எட்டாவது வராது. அந்த ஏழும் சரியாக வருவதற்கு முன்னால் சொதப்பியவை ஐந்து. அவற்றைக் கழித்ததற்கு அடையாளமாக, பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கருவியால் வலது மேல்மூலையில் ஓர் ஓட்டை போட்டாள். கிழித்துப் போட்டிருக்கலாம். கறுப்பு எந்த அளவுக்கு வரவேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டாள். குப்பையைக்கூட விடமாட்டாத புத்தி. அது இப்போது குடியைக் கெடுத்தது.

பல் டாக்டர் வேறு யாருமில்லை, அத்தை மகன்தான். வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படத்தைச் சின்னவள் நேரில் பார்த்தாள். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

படம் எளிமையானதுதான். ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. அவளைச் சுற்றி மலையாகத் துவைத்த துணி. ஒரு வேட்டியை நீளமாகப் பிடித்து மடித்துக்கொண்டிருக்கிறாள். வலது ஓரத்தில் அடுக்களைக் கதவு. கணக்கில் வருகிற ஏழு பிரதிகளிலும் அந்தக் கதவுக்கு உள்ளே கும்மிருட்டு. 'கதவுக்கு அப்பால் முடிவே இல்லாத இருள்' என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியது அந்த இருட்டைத்தான். கழித்த பிரதிகளில் இருள் முடிவே இல்லாமல் எல்லாம் இல்லை. அங்கே அம்மா நிற்கிறாள். இடுப்பில் ஈரக் கை, நெற்றியில் சுருக்கம், கேமராவைப் பார்த்து நேருக்கு நேராக ஒரு முறைப்பு. 'சும்மா நின்னு படம் பிடிக்கிற நேரத்துல ரெண்டு துணியை மடிச்சா என்ன?' என்று கேட்டுக்கொண்டே வந்து நின்ற கணம் அது.

இருட்டறை வேலையில் ஒரு வினோதம் உண்டு. காகிதத்தில் ஓர் இடம் கறுக்கவேண்டும் என்றால் அங்கே வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். மற்ற இடங்களை அட்டையால் மறைத்து, அந்தக் கதவுக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொட்டிக் கொட்டி அம்மாவை இல்லாமல் ஆக்கினாள் சின்னவள். அக்காவின் முதுகைப் பார்க்க விடாமல் அந்த முறைப்பு கண்ணை இழுத்தது, அதனால் நீக்கினாள். படம் நின்றது. அதில் இன்றுவரை அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"வாம்மா ஆர்ட்டிஸ்ட்" என்று கையுறையோடு வந்தார் பல் டாக்டர். "பல்லா, படமா?"

"இதை யாரு இங்க மாட்டச் சொன்னா?"

"வீட்லேர்ந்து கொடுத்தது. ஆணிக்குத் தோதா ஓட்டையும் போட்டே வந்துச்சே."

"அது ஆணிக்குப் போட்ட ஓட்டை இல்லை. இது கெட்டுப்போனதுன்னு அர்த்தம்."

"கெட்டுப்போனதா? இதைவிட நல்ல படம் இந்தச் சுவத்துல இருந்ததே இல்லம்மா. எந்தக் குழந்தை கத்திக்கிட்டு வந்தாலும் அத்தை முறைக்கிறதைப் பார்த்துட்டுக் கப்சிப்னு ஆயிடுது. மயக்க ஊசியில பாதி மிச்சம்."

கன்னத்தைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் வலியோடு தலையசைத்து ஆமோதித்தார். சின்னவள் ஆணியிலிருந்து படத்தை உருவினாள். பதிலுக்குத் தன்னுடைய புதுப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டே தருவதாகச் சொன்னாள். பல் டாக்டர் யோசித்தார். "அந்த வெறும் சுவரு, வெறும் நாற்காலி எல்லாம் எடுக்கிறியே, அதுவா? வேண்டாம்மா. ஏற்கனவே இங்க வர்றவங்க மனசு ஒடிஞ்சுதான் வர்றாங்க."

அவ்வளவுதான். மேசையிலிருந்த பஞ்சு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் படத்தை மேலிருந்து கீழாக நாலு துண்டாக வெட்டினாள். வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள். துண்டுகளைப் பஞ்சுக் குப்பையில் போட்டாள். மூலையிலிருந்த ஒரு சிறுமி அழ ஆரம்பித்தாள்.

"யாரு கொடுத்தாங்க? அக்காவா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அவகிட்டயே கேளு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அக்காவாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற தர்மப் பிரபு அவள். தங்கையின் செருப்பு, குடை, சைக்கிள், இப்போது வாழ்க்கை. அவளைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், கோபம் நன்றாகக் கொதிக்கட்டும் என்று, சொந்தக்காரர் வீடு வீடாகத் தேடிக்கொண்டு முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போனாள்.

சித்தப்பா வீட்டில் படம் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்தது. மறுமூலையை மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தார். "சுவத்துல ஓதம் அடிச்சுப் பூத்துப்போச்சு. மறைக்க இது அளவா இருந்துச்சு" என்றார் பெருமையாக. உலகத்தில் ஏழே பேரிடம் இருக்கவேண்டிய படம் ஓதத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"வெட்டணும்."

சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குச் சுகர்னு தெரியுமில்ல? சித்தி கண் அசந்தா நான் இனிப்பு எடுக்க வருவேன்னும் தெரியுமில்ல? ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனா அண்ணி அங்கேர்ந்து பார்க்கிறாங்க. கை தானா திரும்பிடுது. மாத்திரையைக் குறைச்சிருக்கார் டாக்டர். நீ என்னடான்னா வெட்டணும்கறே."

"சித்தப்பா, இது என் பிழைப்பு."

"அப்ப நான் பிழைக்க வேண்டாமா?"

அரைமணி நேரம் வாதாடி, தண்ணீர் குடித்து, மறுபடி வாதாடி வாங்கிக்கொண்டு வந்தாள். படம் போயிருந்த வேறு இரண்டு இடங்களிலும் இதே கதை. தையல் கடை வைத்திருக்கிற பெரியம்மா மகள், 'அளவு கொடுக்க வர்றவங்க வயித்தை எக்கிக்கிட்டு நிக்க மாட்டாங்க, சித்தி பார்வையில பொய் சொல்ல முடியாது' என்றாள். மாமா மகன் நடத்தும் டியூஷன் சென்டரில் படத்தைத் தரும்போது பிள்ளைகள் கை தட்டினார்கள், மாமா மகன் கண் கலங்கினான். எல்லோரும் அந்த ஓட்டையைப் புகழ்ந்தார்கள். எவ்வளவு நறுவிசு, எவ்வளவு பொறுப்பு, கலைஞர் என்றாலும் சுவரில் மாட்டுகிற வழியையும் யோசித்திருக்கிறாளே என்று. யாருமே படத்தை எடுத்த விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் முதுகை ஒருவரும் கவனிக்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றிப் பேச நாதியில்லை. வழியெல்லாம் சின்னவள் பல்லைக் கடித்ததில், பல் டாக்டரிடம் உண்மையாகவே போகவேண்டி வரும்போல இருந்தது.

மூன்று படங்களையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேறெப்படி இருப்பாள். எதிர்ச்சுவரில் ஐந்தாவது படம். ஆணி, ஓட்டை, மறுமூலையில் ஒரு துணிக் கிளிப்.

"உனக்கு அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தாள் சின்னவள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கேலரி, கமிட்டி, மூணாம் நம்பர்காரரின் பல், ஓதம் பிடித்த சுவர், செருப்பு, குடை, சைக்கிள் எல்லாவற்றையும் கொட்டினாள். "கேட்காம எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு, நல்ல பேரு வாங்கிக்கிட்டு, என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கே."

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "நான் கொடுக்கலைடி."

"பின்னே?"

"அம்மா."

சின்னவள் உட்கார்ந்தாள். அம்மா போய் இரண்டு வருடமாகிறது. திட்டுவதற்கு ஆள் இல்லை என்பதே முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

"உன் முதல் கண்காட்சிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. "நீ யாரோ பேட்டி எடுக்க வந்தவங்ககூடப் பேசிட்டிருந்தே. அம்மா நேரா இந்தப் படத்துகிட்ட போனாங்க. கதவுகிட்ட கண்ணாடியை விரலால தேய்ச்சாங்க. தூசி படிஞ்சிருக்குன்னு நினைச்சுட்டாங்க. முந்தானையால துடைச்சாங்க. காவலுக்கு நின்னவன் வந்து 'தொடாதீங்கம்மா'ன்னான். 'நான் இங்கதாம்பா நின்னேன்'னு அவன்கிட்ட சொன்னாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"உங்கிட்ட என்னைக்குச் சொன்னாங்க? மறுநாள் உன் பரண்ல பழைய ஃபேனை எடுக்க ஏறினப்போ அந்தப் பெட்டியைப் பார்த்திருக்காங்க. அஞ்சுலயும் அவங்க. அஞ்சுலயும் ஓட்டை. இறங்கி வந்து எங்கிட்ட காட்டி என்ன சொன்னாங்க தெரியுமா? 'பாருடி, வெளியாளுக்கு ஒரு மாதிரி, நம்ம வீட்டுக்கு ஒரு மாதிரி போட்டு வச்சிருக்கா. மாட்டறதுக்கு ஓட்டைகூடப் போட்டு வச்சிருக்கா. வாய் திறந்து சொல்லமாட்டா. அழுத்தக்காரி.' அப்புறம் பஸ் பிடிச்சு ஒவ்வொரு வீடா அவங்களே போய்க் கொடுத்துட்டு வந்தாங்க. முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை."

துணிக்கூடையிலிருந்து வெளியே தொங்கிய சட்டையின் பொத்தான் ஒன்று தரையில் உரசிக்கொண்டு கிடந்தது. சின்னவள் அதையே பார்த்தாள்.

"ஓட்டை எதுக்குன்னு உனக்குத் தெரியும்தானே?" என்றாள் கடைசியில்.

"தெரியும். பெல்ட்டுக்கு ஓட்டை போடறதை நீ எங்கிட்டதானே இரவல் வாங்கினே."

"நீ சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்ல? 'நீங்க தெரியறதனாலதான் அவ கழிச்சுட்டா'ன்னா?"

சின்னவளுக்குக் கோபம் தீரவில்லை. அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அவளையே சுற்றிச் சுற்றி வந்தது. கைப்பேசி அடித்தது. கேலரிக்காரம்மா. கமிட்டி கூடிவிட்டதாம், மீதி நாலும் வெட்டிய படம் உடனே வேண்டுமாம், இல்லையென்றால் ஏழாம் நம்பரை மறந்துவிடலாமாம்.

அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. எழுந்துபோய்ச் சுவரிலிருந்து தன் படத்தைக் கழற்றினாள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். "வெட்டினாப் போதும்தானே? எங்க வெட்டணும்னு சட்டம் இருக்கா?"

"இல்லை. முழுசா இருக்கக் கூடாது."

அக்கா படத்தைத் தரையில் விரித்து, கதவின் நிலையை ஒட்டி, மேலிருந்து கீழாக ஒரே நேராக வெட்டினாள். கதவு, இருட்டாக வேண்டியிருந்த இடம், அதில் முறைக்கிற அம்மா, தலைக்கு மேலே ஓட்டை எல்லாம் நீளமான ஒரு துண்டாகப் பிரிந்து வந்தன. அதை எடுத்துப்போய் அதே ஆணியில் மாட்டினாள். துணிக் கிளிப் இப்போது தேவைப்படவில்லை.

"இந்தா, இது உன் பங்கு" என்று பெரிய துண்டை நீட்டினாள். "என் முதுகை வச்சு நான் என்ன பண்றது?"

மற்ற மூன்றையும் சின்னவள் தானே வெட்டினாள். அதே இடத்தில், அதே மாதிரி. ஒன்று மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. படம் எடுத்து அனுப்பினாள். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வாழ்த்துகள், நாளைக்குக் கையெழுத்து.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.

"நல்லது" என்றாள் அக்கா. அவள் மூன்று நீளத் துண்டுகளையும் செய்தித்தாளில் சுற்றி, சித்தப்பாவுக்கு, தையல் கடைக்கு, டியூஷன் சென்டருக்கு என்று தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு வேணும்கா."

அக்கா நிமிர்ந்தாள். "இது அம்மா பஸ் பிடிச்சுப் போய்க் கொடுத்தது. கொடுத்ததை எப்படிப் பிடுங்கறது? உன் பங்குலதான் ஏழு இருக்கே." அவள் குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேலரிக்காரம்மா காபி சாப்பிடலாம் என்றதைத் தட்டிக்கழித்துவிட்டுச் சின்னவள் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். "அந்தக் குப்பையைக் கொட்டிட்டீங்களா?"

"அப்பவே போயிடுச்சேம்மா. ஏன்?" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "கோவிச்சுக்காதே. நீ போன பிறகு குழந்தைங்க ஒரே ரகளை. எங்க நர்ஸ் ஒரு துண்டை மட்டும் எடுத்துத் துடைச்சு மாட்டிட்டா. ஓட்டை இருந்துச்சு, ஆணியும் சும்மாத்தானே இருக்குன்னு. வெட்டினதுதானே, சட்டப்படி தப்பில்லையே?"

"தப்பில்லை. அதை நான் எடுத்துக்கட்டுமா?"

"அதை மட்டும் கேட்காதே. வேணும்னா வந்து பாரு. உட்கார நாற்காலி இருக்கு."

போனாள். வெளிர்பச்சைச் சுவரில், 'தினமும் இரண்டு வேளை பல் துலக்கவும்' என்பதற்கு மேலே, நீளத் துண்டில் அம்மா நின்றிருந்தாள். அக்காவும் இல்லை, துணி மலையும் இல்லை, ஜன்னல் வெளிச்சமும் இல்லை. அவள் முறைத்துக்கொண்டிருந்தது இந்த அறையைத்தான். கத்திக்கொண்டே உள்ளே வந்த ஒரு பையன் சுவரைப் பார்த்துவிட்டு வாயை மூடி, சின்னவளுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எந்தப் பல்லு?" என்று நர்ஸ் வந்து கேட்டாள்.

"பல்லு இல்லை. சும்மாதான்."

சும்மா என்று சொன்னதும் அம்மாவின் பார்வை இன்னும் கூர்மையானது போலிருந்தது. சின்னவள் கையைப் பிசைந்தாள். எதிரிலிருந்த சின்ன மேசையில் வந்தவர்கள் படித்துவிட்டுப் போட்ட செய்தித்தாள்கள் தாறுமாறாகக் கலைந்து கிடந்தன. ஒன்றை எடுத்து, ஓரம் ஓரத்தோடு சேர மடித்து வைத்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள்.